பங்கர் வாசல் எந்தப் பக்கம் இருந்தது?

சில வருடங்களுக்கு முன்னர் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஓர் அம்மாவைச் சந்தித்து ஒரு கட்டுரை எழுதினேன். 2009இல் மாத்தளனில், பங்கருக்குள் இருந்த குடும்பத்துக்குத் தண்ணீர் எடுக்கப்போன அவரது மூத்த மகன் திரும்பி வரவில்லை. இரண்டு மணித்தியாலம் கதைத்தார். முழுவதையும் ஒலிப்பதிவு செய்தேன். பெயரை மாற்றி, ஊரைச் சொல்லாமல் கட்டுரை வெளியானது.

அதைப் படித்த ஓவிய நண்பர் ஒருவர், நான்கு பக்கச் சித்திரக்கதையாக வரைய விரும்பினார். அம்மாவும் சம்மதித்தார். ஒரு வாரம் கழித்து நண்பரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது.

“பங்கர் வாசல் எந்தப் பக்கம் இருந்தது? கடல் பக்கமா, களப்புப் பக்கமா? மேல போட்டிருந்தது பனங்குத்தியா, தென்னங்குத்தியா? மண்மூட்டை உரப்பையா, சீலையில தைச்சதா? உள்ளுக்க நிமிர்ந்து இருக்கலாமா, குனிஞ்சுதான் இருக்கவேணுமா? பெடியன் தண்ணிக்குக் கொண்டுபோனது வாளியா, கானா?”

ஒரு கேள்விக்குக்கூட என்னிடம் பதில் இருக்கவில்லை. ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டேன். அதிலும் இல்லை. அந்த அம்மா எங்கே, எப்படி, எதைப் பார்த்துக்கொண்டு இருந்தார் என்பதை நான் கேட்கவேயில்லை. என்ன நடந்தது, எத்தனையாம் திகதி, யார் பார்த்தது என்பவற்றையே கேட்டிருந்தேன். ஆணைக்குழுக்களின் படிவங்களும் அவற்றைத்தான் கேட்டன.

சித்திரக்கதை ஒன்று எப்படி உருவாகிறது, எப்படிக் கைமாறுகிறது என்பதைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகுதான். யுத்தத்தில் வாழ்ந்தவர்களின் கதையை வரைய வருபவர்கள் இனி அதிகரிப்பார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள், என்ன செய்யவேண்டும் என்பதைக் கதை சொல்லப்போகிறவர்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சிறுபிள்ளை விளையாட்டா?

எங்களில் பலருக்குச் சித்திரக்கதை என்றால் சிவகாசியிலிருந்து வந்த முத்து, லயன் காமிக்ஸ்தான் நினைவுக்கு வரும். இன்னொரு தலைமுறைக்கு ‘சிரித்திரன்’ சுந்தரின் சவாரித் தம்பர் நினைவுக்கு வரக்கூடும். சாவையும் இழப்பையும் கட்டம் கட்டிப் படமாகப் போடுவது, அதைப் பகிடியாக்குவது போலச் சிலருக்குத் தோன்றலாம். அம்மாவின் மகளும் முதலில் அப்படித்தான் கேட்டார்: “அம்மான்ர கதையக் கார்ட்டூனாப் போடப்போறியளோ?”

அந்தக் கேள்வி நியாயமானது. அதை ஏற்கெனவே எதிர்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஹிரோஷிமாவில் 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி குண்டு விழுந்தபோது கெய்ஜி நகஸாவாவுக்கு ஆறு வயது. பாடசாலை வாசலின் கொங்கிறீற் மதில் மறைத்ததால் உயிர் தப்பினார். தகப்பன், அக்கா, தம்பி மூவரும் இடிந்த வீட்டுக்குள் அகப்பட்டு இறந்தார்கள். வளர்ந்து சித்திரக்கதை வரைபவராகிய பின்னரும் அவர் குண்டைப் பற்றி வரையவில்லை. 1966இல் தாய் இறந்து தகனம் முடிந்தபோது, எடுத்து வைப்பதற்கு எலும்புகூட மிஞ்சவில்லை, கதிர்வீச்சு அதையும் தின்றுவிட்டது என்று அவர் எண்ணினார். அந்தக் கோபத்திலிருந்து பிறந்த கதைகளின் தொடர்ச்சிதான் 1973இல் சிறுவர் வார இதழ் ஒன்றில் தொடங்கிய ‘வெறுங்கால் கென்’.

அமெரிக்காவின் ஆர்ட் ஸ்பீகல்மனின் பெற்றோர் ஒஸ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து தப்பிய போலந்து யூதர்கள். தகப்பனை இருத்திவைத்துப் பதிவுசெய்த உரையாடல்களிலிருந்து அவர் வரைந்த ‘மவுஸ்’, 1992இல் புலிட்சர் விசேட விருதைப் பெற்றது. யூதர்களை எலிகளாகவும் நாசிகளைப் பூனைகளாகவும் வரைந்த புத்தகம் அது. அதைப் படித்தவர்கள் எவரும் பகிடி என்று சொல்லமாட்டார்கள்.

முதல் வேலை கேட்பது

எழுதுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. “அவர்கள் பங்கருக்குள் ஒளிந்திருந்தார்கள்” என்று எழுதிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போகலாம். வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டாலும் வசனம் பிழையாகாது. வரைகிறவரால் அப்படித் தப்பமுடியாது. பங்கரை வரைந்தால் வாசலை எங்கோ வைத்துத்தான் ஆகவேண்டும். தெரியாவிட்டால் கற்பனை செய்யவேண்டும், அல்லது போய்க் கேட்கவேண்டும்.

ஸ்பீகல்மன் இதில் மாட்டுப்பட்டதை அந்தப் புத்தகத்துக்குள்ளேயே வரைந்திருக்கிறார். தகப்பன் ஒஸ்விட்ஸில் தகரப் பட்டறையில் வேலை செய்தவர். பட்டறையை வரையவேண்டும், ஆனால் அதற்குள் என்ன கருவிகள் இருந்தன என்று தெரியாது. தகப்பனோ இறந்துவிட்டார். கடைசியில், வதைமுகாம்களிலிருந்து தப்பியவரான தனது மனநல மருத்துவரிடம் இதைச் சொல்லிப் புலம்புகிறார். அவர்தான் இன்ன இன்ன கருவிகள் இருந்திருக்கும் என்று சொல்லிக்கொடுக்கிறார்.

செய்தியாளராகப் படித்துச் சித்திரக்கதைக்கு வந்தவர் ஜோ சாக்கோ. மால்ட்டாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்பவர். 1956 நவம்பரில் காஸாவின் கான் யூனிஸிலும் ரஃபாவிலும் இஸ்ரேலிய இராணுவத்தால் பொதுமக்கள் கொல்லப்பட்டதைப் பற்றி ஐ.நா. அறிக்கை ஒன்று சில வரிகளில் சொல்கிறது: கான் யூனிஸில் 275 பேர், ரஃபாவில் 111 பேர். வரலாற்றில் அடிக்குறிப்பாக ஒதுங்கிப்போன அந்தச் சில வரிகளைத் தேடி 2002, 2003ஆம் ஆண்டுகளில் காஸாவுக்குப் போனார். உயிரோடிருந்த முதியவர்களை வீடு வீடாகச் சந்தித்தார். 2009இல் ‘காஸாவின் அடிக்குறிப்புகள்’ என்ற பெரிய நூல் வெளிவந்தது.

சாக்கோ உரையாடல்களை ஒலிப்பதிவு செய்கிறார், இடங்களைப் படம் எடுக்கிறார். அதோடு ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது கண்ணுக்குரிய கேள்விகளையும் கேட்கிறார். எங்கே நின்றீர்கள்? கை எங்கே இருந்தது? முன்னால் எத்தனை பேர் இருந்தார்கள்? சுவர் என்ன உயரம்? 1956இல் அகதிமுகாம் வீடுகள் எப்படி இருந்தன என்பதை அறிய ஐ.நா. நிறுவனத்தின் பழைய புகைப்படங்களைத் தேடிப் பார்த்தார். ஊர் திரும்பி, எல்லாவற்றையும் எழுத்தாக்கி, முழுப் பிரதியையும் எழுதிய பிறகே வரையத் தொடங்குகிறார்.

இது வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் கண்டுபிடித்த வழி அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், யுத்தத்தால் வீட்டை இழந்த தமிழ், முஸ்லிம் மக்களிடம் அந்த வீட்டின் படத்தை நினைவிலிருந்து கீறச் சொன்னார். அவர்கள் கீறியது, அதைக் கட்டடக் கலைஞர் திருத்தமாக வரைந்தது, அவர்கள் சொன்ன கதை, அதைக் கேட்டு ஓவியர் தீட்டியது ஆகியவை சேர்ந்து 2011இல் ஒரு நூலாக வந்தன. ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேட்டின் பெயரால், முடிவுறாத தோம்பு என்ற பொருளில் அதற்கு ஆங்கிலத்தில் தலைப்பிட்டார். அது சித்திரக்கதை அல்ல. ஆனாலும் கதைப்பதற்கு முன் ஒரு பென்சிலையும் தாளையும் கொடுத்துப் பார்க்கலாம் என்பதற்கு எங்கள் மண்ணிலேயே இருக்கும் உதாரணம்.

நண்பரின் கேள்விகளோடு நான் திரும்பவும் அம்மாவிடம் போனேன். கேள்விகளை வாசித்தேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு முற்றத்தில் குந்தி, ஈர்க்குத் துண்டொன்றால் மண்ணில் கீறத் தொடங்கினார். இது பங்கர். இது வாசல், களப்புப் பக்கம். இதில தறப்பாள். இதில அடுத்த வீட்டுக்காரரின்ர உழவு மெசின் நிண்டது. இந்தப் பக்கத்தாலதான் அவன் போனவன்.

“என்ன கான் அம்மா?”

“மஞ்சள் எண்ணெய்க் கான். மூடி இல்லை. அதுக்கு ஒரு பொலித்தீன் கட்டி வச்சிருந்தனாங்கள். இதெல்லாம் ஒருத்தரும் கேக்கேல்லையே தம்பி.”

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். இப்படியான கேள்விகள் ஒருவரைத் திரும்பவும் அதே இடத்துக்குக் கொண்டுபோய் இருத்திவிடும். திகதி கேட்டால் தூரத்திலிருந்து பதில் சொல்லலாம். கானின் நிறத்தைக் கேட்டால் அந்தக் கானைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். அன்று நாங்கள் ஐந்து கேள்விகளோடு நிறுத்திக்கொண்டோம். அவரது மகள் பக்கத்தில் இருந்தார். அடுத்த நாளும் அவருக்குத் தொலைபேசி எடுத்துச் சுகம் கேட்டேன். வரைய வருகிறவர் எவ்வளவு கேட்கிறார் என்பதைப்போல, எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்பதும் முக்கியம்.

ஞாபகம் பிழைத்தால்?

பதினைந்து வருடத்துக்கு முந்தைய பங்கரை ஒருவர் களப்புப் பக்கம் என்பார், அவருடன் இருந்த இன்னொருவர் கடற்பக்கம் என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. வரைகிறவர் எதை வரைவது?

‘மவுஸ்’ இரண்டாம் பாகத்தில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஒஸ்விட்ஸில் கைதிகள் வேலைக்கு அணிவகுத்துப் போகும்போது வாசலில் வாத்தியக்குழு வாசித்தது என்பது ஆவணங்களில் உறுதியான விடயம். மகன் கேட்கிறார். தகப்பனோ, அப்படி எதுவும் தனக்கு ஞாபகமில்லை, நடந்துபோனது மட்டும்தான் ஞாபகம் என்கிறார். ஸ்பீகல்மன் முதல் கட்டத்தில் வாத்தியக்குழுவை வரைகிறார். தகப்பன் மறுத்த பிறகு, அதே காட்சியை நடந்துபோகிற கைதிகளால் மறைத்து வரைகிறார். உற்றுப் பார்த்தால் தலைகளுக்குப் பின்னால் வாத்தியங்களின் நுனி தெரியும். ஆவணமும் அழியவில்லை, தகப்பனின் ஞாபகமும் மறுக்கப்படவில்லை.

சாக்கோ வேறு வழியில் போகிறார். ரஃபாவில் ஆண்களைப் பாடசாலைக்குள் ஓட்டிச் சென்றபோது வாசலில் நின்று தடியால் தலையில் அடித்தார்கள் என்று பலர் சொல்கிறார்கள். ஆளுக்கு ஆள் விபரம் கொஞ்சம் மாறுகிறது. அவர் ஒன்றைத் தெரிவுசெய்து மற்றவற்றை மறைக்கவில்லை. ஒவ்வொருவர் சொன்னதையும் அவரவர் முகத்தோடு வரிசையாக வைக்கிறார். எது ஒத்துப்போகிறது, எது முரண்படுகிறது என்பதை வாசகர் பார்க்கிறார். 1956ஐப் பற்றிக் கேட்டால் முதியவர்கள் 1967ஐச் சொல்கிறார்கள், நேற்று இடிக்கப்பட்ட வீட்டைச் சொல்கிறார்கள். தான் பொறுமையிழந்து அவர்களைத் திரும்பத் திரும்ப 1956க்கு இழுத்ததையும் அவர் மறைக்காமல் வரைந்திருக்கிறார்.

எங்களுக்கு இது அந்நியமான விடயம் அல்ல. 1995 இடம்பெயர்வைக் கேட்டால் 1990ஐயும் 2008ஐயும் சேர்த்துத்தான் எங்கள் ஆட்கள் சொல்வார்கள். விசாரணை மேசையில் அது “முரண்பட்ட சாட்சியம்” ஆகிவிடும். சித்திரக்கதையில் முரண்பாட்டை முரண்பாடாகவே வைப்பதற்கு இடம் உண்டு. ஆனால் அதை நேர்மையாகச் சொல்லவேண்டும். உறுதியானது எது, ஒருவர் சொன்னது எது, வரைகிறவர் ஊகித்தது எது என்று வாசகருக்குத் தெரியவேண்டும்.

கட்டமும் இடைவெளியும்

கேட்டு முடிந்ததும் பிரதி எழுதுகிறார்கள். எந்தப் பக்கத்தில் எத்தனை கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் என்ன தெரியும், யார் என்ன சொல்கிறார் என்று பிரிப்பதுதான் பிரதி. பிறகு தீப்பெட்டி அளவில் பக்கங்களைக் கீறிப் பார்ப்பது பலரின் வழக்கம். அடுத்து பென்சில், அதற்குப் பிறகு மை. இன்று பலர் கணினித் திரையில் வரைகிறார்கள். படிமுறை பெரிதாக மாறவில்லை.

இந்தக் கலையின் அரைவாசி வேலை கட்டங்களுக்கு நடுவில் இருக்கும் வெள்ளை இடைவெளியில் நடக்கிறது. ஒரு கட்டத்தில் பிள்ளை கானோடு போகிறான். அடுத்த கட்டத்தில் கான் மட்டும் மணலில் கிடக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று வரையவில்லை. வாசகர்தான் அதை நிரப்புகிறார். கொழும்பிலோ லண்டனிலோ இருந்து படிப்பவர் ஊகித்து நிரப்புவார். மாத்தளனில் இருந்தவர் ஊகிக்கத் தேவையில்லை. அவருக்கு அந்த இடைவெளிக்குள் சத்தம் கேட்கும், மணம் வரும். எனவே எவ்வளவு இரத்தத்தைக் காட்டுவது என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரு பதில் கிடையாது. நகஸாவா உரிந்த தோலோடு நடந்தவர்களை அப்படியே வரைந்தார், ஏனெனில் அணுகுண்டு என்ன செய்தது என்று தெரியாதவர்களுக்காக வரைந்தார். எங்கள் கதையை எங்கள் ஆட்களுக்காகவே வரையும்போது அவ்வளவு தேவைப்படாது.

தமிழில் வரைகிறவர்களுக்கு இன்னொரு தனிச் சிக்கல் இருக்கிறது. எங்கள் சொற்கள் நீளமானவை. ‘காணாமலாக்கப்பட்டவர்களுடைய’ என்ற ஒரு சொல்லே பேச்சுக் குமிழியின் முழு அகலத்தையும் பிடித்துவிடும். அதை நடுவில் முறித்தால் வாசிப்பு தடங்கும். ஆங்கிலப் பிரதிக்காக வரைந்த ஒடுங்கிய குமிழிக்குள் தமிழைத் திணித்தால், எழுத்துச் சிறுத்து வயதானவர்களால் வாசிக்கமுடியாமல் போகும். அதனால் எழுத்தை முதலில் வைத்துவிட்டுப் படத்தை அதைச் சுற்றி அமைப்பதே நல்லது. பழைய வடிவமைப்பு மென்பொருட்கள் சிலவற்றில் யூனிகோட் எழுத்தை ஒட்டினால் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துரு பாவனையில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அச்சுக்குப் போகும் முன்னர் ஒவ்வொரு குமிழியையும் வாய்விட்டு வாசித்துப் பார்க்கவேண்டும்.

வாய்விட்டு வாசிப்பதற்கு வேறு காரணமும் உண்டு. வன்னி அம்மா சினிமாத் தமிழ் பேசினால் அடுத்த பக்கத்தைப் புரட்டமாட்டார்கள். “அவனைக் கண்டியளோ?” என்று அவர் கேட்டிருந்தால் குமிழிக்குள்ளும் அதுதான் இருக்கவேண்டும்.

முகத்தை மறைப்பது

புகைப்படமும் காணொளியும் எங்கள் யுத்தத்துக்குச் சாட்சியாக இருந்திருக்கின்றன. ஆனால் கமரா அங்கு இருந்த நேரத்தில் மட்டும்தான் அது சாட்சி. பிடிபட்டால் படத்தில் இருக்கிற எல்லோருடைய முகமும் பிடிபடும். வரைபடம் இந்த இரண்டையும் தாண்டுகிறது. கமரா இல்லாத இடத்தையும் காட்டலாம், உயிரோடிருப்பவரின் முகத்தையும் மறைக்கலாம்.

எங்கள் யுத்தத்தைப் பற்றிய ‘வன்னி’ என்ற ஆங்கிலச் சித்திர நாவல் 2019இல் வெளிவந்தது. எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ், வரைந்தவர் லின்ட்சே பொலக். டிக்ஸ் வன்னியில் ஐ.நா. பணியாளராக இருந்தவர். 2008 செப்டெம்பரில், தங்களை விட்டுப் போகவேண்டாம் என்று கிளிநொச்சி மக்கள் அலுவலக வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்க, வெளியேறிய ஐ.நா. குழுவில் அவரும் ஒருவர். சுனாமியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயரும் ராமச்சந்திரன் குடும்பம் இந்த நாவலில் வருகிறது. அப்படி ஒரு குடும்பம் இல்லை. யுத்தத்திலிருந்து தப்பியவர்களின் சாட்சியங்களையும் டிக்ஸின் அனுபவத்தையும் வெளியான அறிக்கைகளையும் சேர்த்து உருவாக்கிய குடும்பம் அது. நடந்தவை உண்மை, ஆட்கள் கற்பனை. இதனால் சாட்சி சொன்ன எவரையும் அந்தப் பக்கங்களிலிருந்து பிடித்தெடுக்க முடியாது.

ஆனால் முகத்தை மாற்றினால் மட்டும் போதாது. எங்கள் ஊர்கள் சின்னவை. ஒரு கால் இழந்த, இரண்டு பெண்பிள்ளைகளின் தாய், சந்தியில் கடை வைத்திருப்பவர் என்று வரைந்தால் பெயரே தேவையில்லை. கோயில் கோபுரம், பாடசாலை மதில், வீட்டுக்கு முன்னால் நிற்கும் வளைந்த பனை ஆகியவையும் காட்டிக்கொடுக்கும். எங்கள் நண்பர் அம்மாவின் முகத்தை மாற்றியதோடு, பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வீட்டின் அமைப்பையும் மாற்றினார். பங்கரையும் கானையும் மாற்றவில்லை.

திரும்பக் காட்டுவது

டிக்ஸ் 2012இல் தொடங்கிய ‘பொசிற்றிவ் நெகற்றிவ்ஸ்’ என்ற அமைப்பு, அகதிகளின் சாட்சியங்களைச் சித்திரக்கதைகளாக்கி வருகிறது. ஐரோப்பாவுக்கு வந்த சிரிய அகதிகள் பற்றி பொலக் வரைந்த கதைகள் 2015இல் ‘கார்டியன்’ பத்திரிகையில் வந்தன. வரைபுகளைச் சாட்சி சொன்னவரிடம் திரும்பக் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்துவது இந்த அமைப்பின் நடைமுறையில் ஒரு பகுதி.

கட்டுரை எழுதும் நாங்கள் இதைச் செய்வது குறைவு. அச்சாகுமுன் செய்தியைக் காட்டக்கூடாது என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். அதிகாரத்தில் இருப்பவரின் பேட்டிக்கு அது சரி. பிள்ளையைத் தொலைத்த தாயின் கதைக்கும் அதே விதி ஏன் என்று நான் இப்போது யோசிக்கிறேன். அதிலும் எழுத்தை வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள்கூடப் படத்தைப் பார்த்து, இது பிழை என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

எனவே, உங்கள் கதையை வரைய ஒருவர் வந்தால் சில கேள்விகளைக் கூசாமல் கேளுங்கள். வரைந்ததை அச்சாகுமுன் எனக்குக் காட்டுவீர்களா? எந்தக் கட்டம் வரைக்கும் நான் வேண்டாம் என்று சொல்லலாம்? தமிழில் வருமா, எனக்கு ஒரு பிரதி கிடைக்குமா? விற்றால் அந்தக் காசு யாருக்கு? பிற்காலத்தில் கண்காட்சிக்கோ வேறு நாட்டுக்கோ கொண்டுபோனால் என்னிடம் கேட்பீர்களா? நேர்மையாக வருகிறவர் இவற்றுக்குப் பதிலோடுதான் வருவார்.

கைமாறுவது

இப்படியான கதைகள் பெரிய புத்தகங்களாகப் பிறப்பதில்லை. ‘மவுஸ்’ 1980 முதல் ஒரு சிற்றிதழில் அத்தியாயம் அத்தியாயமாக வந்தது. சாக்கோவின் ‘பலஸ்தீனம்’ 1993 முதல் 1995 வரை ஒன்பது மெல்லிய இதழ்களாக வந்தபோது விற்பனை மிகக் குறைவு. ‘வெறுங்கால் கென்’ ஜப்பானுக்கு வெளியே போனது, 1976இல் டோக்கியோவில் தன்னார்வலர்கள் சிலர் கூடி மொழிபெயர்க்கத் தொடங்கியதால்.

எங்கள் நிலைமைக்கும் சின்னதாகத் தொடங்குவதே பொருந்தும். ஏ4 தாள் ஒன்றை நடுவில் மடித்தால் நான்கு சிறு பக்கங்கள். நான்கு தாளை ஒன்றுக்குள் ஒன்று வைத்துக் கம்பி அடித்தால் 16 பக்கப் புத்தகம். போட்டோக்கொப்பிக் கடையிலேயே செய்யலாம். அதற்காக வரைகிறவர்கள் சாம்பல் நிறப் பூச்சைத் தவிர்த்து, கோடுகளால் நிழல் போடுவார்கள். பூச்சு பிரதியெடுக்கும்போது கறுத்துவிடும், கோடு தப்பிவிடும்.

தொலைபேசியில் பகிர்வதற்கு வேறு கணக்கு. ஆறு கட்டமுள்ள பக்கத்தை அப்படியே அனுப்பினால் எழுத்துத் தெரியாது. திரைக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, மேலிருந்து கீழே வாசிக்கும்படி அடுக்கவேண்டும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக அனுப்பினால் குறையாது. பிரிந்துபோன ஒரு கட்டம் தனியாகச் சுற்றும், யாரோ ஒருவர் அதற்கு வேறு கதை எழுதுவார். அதனால் ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் கதையின் தலைப்பு, வரைந்தவர் பெயர், பெயர்கள் மாற்றப்பட்ட உண்மைச் சாட்சியம் என்ற ஒரு வரி ஆகியவை இருப்பது அவசியம்.

வெளிவந்த பிறகும் பிரச்சினை முடிவதில்லை. 2012 டிசம்பரில் ஜப்பானின் மட்ஸுவே நகரக் கல்விச் சபை, ‘வெறுங்கால் கென்’னைப் பாடசாலை நூலகங்களில் பிள்ளைகள் தாமாக எடுக்கமுடியாதபடி உள்ளே வைக்கச் சொன்னது. கண்டனம் எழவே அடுத்த ஓகஸ்டில் அந்தக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. ஹிரோஷிமாவில் உறவுகளை இழந்தவர் வரைந்ததற்கே, ஏறத்தாழ 40 வருடங்களுக்குப் பிறகு, அதுவும் அவரது சொந்த நாட்டில் அந்த நிலை. எங்கள் கதைகளுக்கு என்ன நடக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் வைத்திருக்கக்கூடாது. தாளிலும் தொலைபேசியிலும், தமிழிலும் சிங்களத்திலும், இங்கேயும் புலம்பெயர் நாடுகளிலும் இருக்கவேண்டும்.

நாலாம் பக்கம்

பென்சில் வரைபுகளோடு நண்பரும் நானும் அம்மாவின் வீட்டுக்குப் போனோம். மகள் வாசித்துக் காட்ட, அம்மா கட்டம் கட்டமாகப் பார்த்தார். பங்கர் சரி. தறப்பாள் இன்னும் கீழே இருந்தது. உழவு மெசினுக்குப் பெட்டி இல்லை. நண்பர் அங்கேயே அழித்துத் திருத்தினார்.

நாலாம் பக்கத்தில் மகன் கானோடு முதுகு காட்டிப் போகிறான். முகம் தெரியாது. பாதுகாப்புக்காக எல்லா முகங்களையும் மறைக்கவேண்டும் என்று நாங்கள் தீர்மானித்திருந்தோம்.

அம்மா கனநேரம் அதைப் பார்த்தார். “என்ர முகத்தைத்தான் போடவேண்டாம் எண்டனான். அவன்ர முகத்தைப் போடுங்கோ” என்றார்.

அவரிடம் மகனின் படம் ஒன்றுகூட இல்லை. அல்பம் தேவிபுரத்தோடு போய்விட்டது. மற்ற அம்மாக்கள் பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு போராட்டத்தில் இருக்கும்போது, இவர் பெயர் எழுதிய மட்டையோடு இருப்பார்.

முகத்தைப் போட்டால் குடும்பம் அடையாளம் தெரியும் என்று விளங்கப்படுத்தினோம். அது தனக்குத் தெரியும் என்றார். மகளும் மறுக்கவில்லை. கடைசியில், வெளியிடும் பிரதியில் முதுகு காட்டியபடியே இருக்கட்டும், முகத்தோடு ஒரு படத்தைத் தனியாக அம்மாவுக்கு மட்டும் வரைந்து கொடுப்பது என்று முடிவானது.

நண்பர் மூன்று தடவை முயன்றார். அம்மா சொல்லச் சொல்ல நெற்றியை ஒடுக்கி, காதைப் பெரிதாக்கி, தலைமயிரைக் கலைத்துப் பார்த்தார். மூன்றாவது படத்தை அம்மா கையில் எடுத்தார்.

“கண் அவன்ர இல்லை” என்றார். “ஆனா நிக்கிற மாதிரி அவன்தான்.”

அந்தப் படத்தை அவர் திருப்பித் தரவில்லை.